மூன்றாவது சூரியன்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர், சூரியனுக்குள் இருக்கும் ஒரு பட்டைக்காகப் பதினோரு வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் பாடு என்றுதான் நானும் இருந்தேன். அவர்களுடைய பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தபோது விஷயம் நேராக என் தலையில் வந்து விழுந்தது.

நான் அங்கே கணினி அறைக்குப் பொறுப்பு. இயந்திரங்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்வது, கேட்டவர்களுக்குத் தரவை எடுத்துக் கொடுப்பது, "என் ஃபைலைக் காணோம்" என்று ஓடிவருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் என் வேலை. இத்தனை வருடம் விஞ்ஞானிகள் பேசுவதைக் காதில் வாங்கியதில், அவர்களுடைய சண்டை எதைப் பற்றியது என்று எனக்கு ஓரளவு விளங்கியிருந்தது.

சூரியன் சும்மா கிடப்பதில்லை. உள்ளே ஓயாமல் கொதிப்பதால் அதன் உடம்பு முழுக்க ஒலி அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேல்தோல் ஏறி இறங்குகிறது. நம் காதுக்கு எட்டாத ஆயிரக்கணக்கான ஸ்வரங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சூரியன் சுழல்வதால் ஒவ்வொரு ஸ்வரமும் மெல்லியதாகப் பிளந்து தெரியும். விமான நிலையத்தில் தானாக ஓடும் நடைபாதையில், அது போகிற பக்கம் நடப்பவர் சீக்கிரம் போய்ச் சேர்வார், எதிர்ப்பக்கம் நடப்பவர் திணறுவார் அல்லவா? அதே மாதிரி சுழற்சியோடு ஓடும் அலை கொஞ்சம் வேகமாகவும், எதிர்த்து ஓடும் அலை கொஞ்சம் மெதுவாகவும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் சுழலும் வேகம் கிடைத்துவிடும். சில அலைகள் தோலோடு திரும்பிவிடும். சில அலைகள் ஆழம்வரை போய்வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கழித்துப் பார்த்தால், யாரும் போகவே முடியாத இடம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லலாம்.

சொல்லலாம்தான். ஆனால் எப்படிக் கழிப்பது என்பதில்தான் வம்பு.

இரண்டாவது மாடியில் இருந்த அம்மையார், சூரியனின் உள்பகுதி ஒரே பந்தாகச் சுழன்றாலும் அதில் ஒரு ஆழத்தில் மட்டும் மெல்லிய பட்டை ஒன்று சோம்பலாக, மற்றதைவிட மெதுவாகச் சுழல்கிறது என்று அடித்துச் சொல்வார். அதனால் அவருக்குப் பட்டையம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு நேர் எதிர் அறையில் இருந்தவர் அப்படி ஒரு பட்டையே கிடையாது என்பார். அவருடைய கணக்கு முறை எந்த மேடு பள்ளத்தையும் தேய்த்துச் சமமாக்கிவிடும். அதைப் பார்த்து யாரோ இஸ்திரி சார் என்று பெயர் வைக்க, அதுவும் ஒட்டிக்கொண்டது. ஒரே தரவு, ஒரே சூரியன், இரண்டு படம். பதினோரு வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கட்டுரைகளின் அடிக்குறிப்பில்.

இந்த லட்சணத்தில் பட்டையம்மாவின் மகளும் இஸ்திரி சாரின் மகனும் காதலித்தார்கள். மகள் பிசியோதெரபிஸ்ட். மகன் கால்நடை மருத்துவர். ஆய்வுக்கூடத்து ஆண்டு விழாவில், பெற்றோர்கள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் பழக்கம் ஆனதாம்.

ஒரு சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் ஓர் உணவகத்தில் சந்தித்தார்கள். அடுத்த திங்கள்கிழமை அந்தப் பெண்ணும் பையனும் என் அறைக்கு வந்து நின்றார்கள்.

"அக்கா, நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றாள் அவள்.

"ஏன், என்ன ஆச்சு? சாப்பாடு நல்லா இல்லையா?"

"சாப்பாடு வர்ற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மாமாதான் ஆரம்பிச்சாரு."

"எங்கப்பா பாராட்டத்தான் செஞ்சாரு" என்று அவன் குறுக்கிட்டான். "பொண்ணு தங்கமான பொண்ணு, அவங்கம்மாவோட பட்டை மட்டும்தான் பொய்னு சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அம்மா பேனாவ எடுத்தாங்க. மேஜை விரிப்புல சூரியன வரைஞ்சாங்க. அவரு அதுமேலயே இன்னொன்னு வரைஞ்சாரு. வெயிட்டர் வந்து, துணி கறையாயிடுச்சு சார்ங்கறாரு. ரெண்டு பேருக்கும் காதே கேக்கல."

"கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு அக்கா. அதுக்குள்ள இந்தப் பட்டைய ஒரு வழி பண்ணிடுங்க. இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி" என்றான் அவன், ஏதோ மாட்டுக்கு வந்த கட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

இதற்கு வழி ஒன்று உண்டு. இந்தத் துறையில் ஏற்கெனவே உள்ள வழிதான். ஒருவர் கணினியில் பொய்ச் சூரியன் ஒன்றைச் செய்வார். அதன் உள்ளே என்ன வேகத்தில் எது சுழல்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்தச் சூரியன் எப்படி அதிரும் என்று கணக்கிட்டு, நிஜ அளவீட்டில் வரும் பிசிறையும் (சத்தம் என்பார்கள்) கலந்து, ஸ்வரங்களை மட்டும் மற்றவர்களிடம் கொடுப்பார். அவர்கள் தங்கள் முறையில் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் உறையைப் பிரித்தால் யார் முறை சரி, யார் முறை கோணல் என்று குட்டு உடைந்துவிடும். நிஜச் சூரியனை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. பொய்ச் சூரியனைப் பிரிக்கலாம்.

இயக்குநரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "உடனே செய்ங்க. நீங்களே செய்ங்க. யார் பக்கமும் சாயாத ஆளு இந்தக் கட்டடத்துல நீங்க ஒருத்தர்தான்."

மூன்று சூரியன்கள் செய்தேன். முதலாவதில் அம்மையார் சொல்லும் பட்டையை அப்படியே வைத்தேன். இரண்டாவதில் பட்டை இல்லை. மூன்றாவதிலும் பட்டை கிடையாது. வெளியே நிஜச் சூரியன் மாதிரி, உள்ளே ஒரே சீராக இருபத்தேழு நாளுக்கு ஒரு சுற்று. சாதுவான சூரியன். விடைகளை மூன்று உறைகளில் போட்டு ஒட்டி, இயக்குநரின் பீரோவில் வைத்தாயிற்று.

அதன் பிறகு வந்த மூன்று வாரமும் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் உபசரிக்கப்பட்ட நாட்கள்.

பட்டையம்மா இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் அறைக்குக் காபியோடு வந்தவரல்ல. இப்போது இரண்டு கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "விடையெல்லாம் நான் கேக்கமாட்டேன், கேக்கவும் கூடாது. ரெண்டாவது சூரியன் செய்யறப்ப உனக்கு நல்ல மூடா, கெட்ட மூடா? அத மட்டும் சொல்லு."

"ஞாபகம் இல்ல மேடம்."

"முகத்தப் பாத்தாலே தெரியுது, நல்ல மூடுதான்" என்று எழுந்து போனார்.

இஸ்திரி சார் அப்படி இல்லை. அவர் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல், நிலைப்படியில் நின்றபடியே கேட்பார். "ஏம்மா, உன் புரோகிராம்ல சத்தம் எவ்வளவு கலந்திருக்கே?"

"நிஜத்துல எவ்வளவோ அவ்வளவு சார்."

"மூணாவதுல கொஞ்சம் அதிகமோ?"

"எல்லாத்துலயும் ஒரே அளவுதான் சார்."

"ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த "ம்" எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறை பிரிக்கும் நாளில் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. இடமில்லாமல் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்தவர்களும் உண்டு. கல்யாண ஜோடி கடைசி வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முதல் உறை. பட்டை உண்டு. பட்டையம்மா சரியான ஆழத்தில் கண்டுபிடித்திருந்தார். இஸ்திரி சாரின் படத்தில் அது இருந்த தடமே இல்லை, அப்படித் தேய்த்திருந்தார். அம்மையார் சும்மா இருந்திருக்கலாம். "சுருக்கமே இல்லாம இருக்கு சார், நல்லா மடிச்சு வெச்சுக்கோங்க" என்றார். அறை சிரித்தது.

இரண்டாவது உறை. பட்டை இல்லை. இஸ்திரி சார் இல்லை என்றே சொல்லியிருந்தார். பட்டையம்மாவோ, இல்லாத இடத்தில் அழகான பட்டை ஒன்றை வரைந்து வைத்திருந்தார். இஸ்திரி சார் எழுந்து நின்று, "மேடம் எங்க பாத்தாலும் பட்டைதான் தெரியும். கண் டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

ஆளுக்கு ஒன்று. மூன்றாவது உறையை இயக்குநர் பிரித்தார். உள்ளே சீரான சுழற்சி, பட்டை இல்லை. பட்டையம்மாவின் படம்: சீரான சுழற்சி, பட்டை இல்லை. இஸ்திரி சாரின் படம்: அதே. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே கோடு.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே விடை. அதுவும் சரியான விடை. அறை முழுக்கக் கைதட்டல். இஸ்திரி சார் மேஜையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். "சம்பந்தி!" என்றார் சத்தமாக. பட்டையம்மா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின் வரிசையில் அந்தப் பெண் அழுதேவிட்டாள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் மதியம், மூன்று சூரியன்களையும் ஆவணத்தில் சேர்ப்பதற்காகப் படமாக வரைய ஆரம்பித்தேன். சுழற்சி நேர்த்திசையில் என்றால் சிவப்பு, எதிர்த்திசையில் என்றால் நீலம். முதல் சூரியன் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது திரையில் விரிந்தபோது வெளியே சிவப்பாகவும் உள்ளே நல்ல ஆழமான நீலமாகவும் இருந்தது.

சரியாக வரையவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வரைந்தேன். நீலம். நான் எழுதிய நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். நூற்றுப் பதினான்காவது வரியில், உள் சுழற்சி வேகத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் குறி உட்கார்ந்திருந்தது. நான் போட்டதுதான். தெரியாமல் விரல் பட்டிருக்கிறது. உறையில் வைத்த தாளில் நான் நினைத்ததை எழுதினேன். கணினியோ நான் தட்டியதைச் செய்தது. அவர்களுக்குக் கொடுத்த மூன்றாவது சூரியன், வெளியே ஒரு பக்கமும் உள்ளே எதிர்ப்பக்கமும் சுழலும் ஒரு பைத்தியக்காரச் சூரியன்.

முதலில் என் தப்பை நினைத்துத்தான் கூசிப்போனேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. தரவு தப்பு. அப்படியிருக்க, இரண்டு பேருக்கும் சரியான விடை எங்கிருந்து வந்தது?

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது உண்மை. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கழித்தல் குறியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் படம் சிவப்பாகிவிடும். கல்யாணம் நல்லபடியாக நடக்கும். அந்தப் பெண் அழுதது கண்ணுக்குள் நின்றது. விரலை அந்தக் குறிமேல் கொண்டுபோய்க்கூட வைத்துவிட்டேன்.

அழிக்க மனம் வரவில்லை. பெரிய நேர்மை என்று இல்லை. நாளைக்கு யாராவது அந்தத் தரவை எடுத்துப் பார்த்தால் மூன்று பேர் மானமும் ஒன்றாகப் போகும் என்ற பயமும் இருந்தது. இரண்டு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டேன். சேர்ந்தே வந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூணாவது சூரியன்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

நீலத்தைப் பார்த்ததும் இருவர் சிரிப்பும் நின்றது. புரிந்துகொள்ள அவர்களுக்கு என்னைப் போல் ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றார் பட்டையம்மா, அவரைப் பார்க்காமலே.

"மொதல்ல நீங்க சொல்லுங்க."

"நான் மொதல்ல கேட்டேன்."

இஸ்திரி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆழமான ஸ்வரம் எழுபத்துமூணு. எல்லாத்துலயும் பிளவே காணோம். ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. சத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேன். இந்தம்மாகிட்ட கேட்டேன், இல்லைன்னு சொன்னாங்க. ஆனாலும் குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன். மிச்சத்த வெச்சு உள்ள நீட்டி வரைஞ்சா சீராத்தானே வரும்."

"நான் தூக்கிப் போடல" என்றார் அம்மையார். குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாமே ஒரே அளவு கீழ எறங்கியிருந்துச்சு. இவ எங்கயோ ஒரு எண்ணக் கூட்ட மறந்துட்டான்னு நெனச்சேன். நானே கூட்டிட்டேன்."

"எவ்வளவு கூட்டினீங்க?"

"சரியா வர்ற வரைக்கும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. இஸ்திரி சார் இடம் கிடைத்ததென்று குத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் குத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"மேடம், நிஜச் சூரியன் தரவுலயும் இப்படித் திருத்துவீங்களா?"

"திருத்தம்னு ஒரு ஃபைல் இருக்கு." அம்மையார் திரும்பி, "உங்ககிட்ட?" என்றார்.

"குப்பைன்னு ஒரு ஃபைல் இருக்கு."

என் இரண்டு திரைகளிலும் இரண்டு ஃபைல்களும் திறக்கப்பட்டன. பதினோரு வருடத்துப் பட்டியல். சார் குப்பையில் போட்டதையும் அம்மையார் திருத்தியதையும் பக்கத்தில் வைத்தோம். பெரும்பாலானவை தாறுமாறாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு இடத்தில் இரண்டு பட்டியலும் அச்சு அசலாகப் பொருந்தின. முதல் வருடத்திலேயே, அடுத்தடுத்து எட்டு மாதம்.

"இந்த எட்டு மாசம் நான் மொத்தமா எடுத்துட்டேன்" என்றார் அவர்.

"இந்த எட்டு மாசத்துலதான் என் பட்டை பளிச்சுனு தெரியும்" என்றார் இவர். பாதி வாக்கியத்திலேயே குரல் இறங்கிவிட்டது.

அந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று, சூரியனைப் படமெடுக்கும் தொலைநோக்கிக் கேமராவிடம் யாரும் கேட்டதில்லை. தொலைநோக்கியைப் பராமரிப்பவர்கள் எழுதிவைக்கும் தடிமனான நோட்டு கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தது. மூன்று பேரும் படியிறங்கிப் போய்த் தூசி தட்டி எடுத்தோம். அந்த வருடத்துப் பக்கத்தில், கிறுக்கல் கையெழுத்தில் ஒரே வரி: "லென்ஸ் துடைக்கக் கேமரா கழற்றி மாட்டப்பட்டது." எட்டு மாதம் கழித்து இன்னொரு வரி: "கேமரா சாய்வு சரிசெய்யப்பட்டது." எவ்வளவு சாய்வு என்று எழுதவில்லை. கேமரா சாய்ந்தால் படத்தில் சூரியனின் சுழலச்சும் சாய்ந்து தெரியும், சுழலும் வேகம் தப்பாக வரும்.

பட்டையம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சாய்வு எவ்வளவுன்னு தெரியாம ஒண்ணுமே பண்ண முடியாதே."

இஸ்திரி சார் தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நோட்டை மூடினார். "சம்பந்தி, அந்த வருஷம் புதன் சூரியனுக்குக் குறுக்க போச்சே, ஞாபகம் இருக்கா? நாம எல்லாரும் மொட்டை மாடியில நின்னு பாத்தோம். நீங்க எம்பக்கம் திரும்பவே இல்ல."

"நீங்கதான் திரும்பல" என்றார் அவர். பிறகு கண் அகல, "அது இந்த எட்டு மாசத்துக்குள்ளதான!" என்று எழுந்தார்.

புதன் கோள் சூரியனைக் கடக்கும் பாதை எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம். கேமரா எடுத்த படத்தில் அந்தக் கரும்புள்ளி எந்தக் கோணத்தில் போனது என்று பார்த்தால், வித்தியாசம்தான் சாய்வு. அந்த நாளின் படங்களைத் தேடி எடுக்க எனக்கு அரை மணி நேரம். சாய்வு ஒரு மயிரிழை. அவ்வளவுதான். அந்த மயிரிழைக்குத்தான் பதினோரு வருடம்.

அடுத்த ஏழு நாளும் என் அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட வேண்டியதாயிற்று. குப்பையில் கிடந்ததை அவர் எடுத்துக் கழுவினார். தன் திருத்தங்களை இவர் ஒவ்வொன்றாக நீக்கினார். வாக்குவாதத்துக்குக் குறைவில்லை. ஆனால் இப்போது ஒரே திரையைப் பார்த்து வாதாடினார்கள். ஒருமுறை அவர் ஒரு ஸ்வரத்தை நீக்கப் போக, "சம்பந்தி, கைய எடுங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கல்யாணப் பெண் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்து, "உடை அளவு பாக்க அம்மா வரணும்" என்றாள். "இதோ கெளம்பிட்டாங்க" என்று இரண்டு தடவையும் நான்தான் பொய் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில் கணக்கு முடிந்தது. பட்டை மறைந்துவிடவில்லை. முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. பிழை வரம்பும் ஏறக்குறைய அதே அளவு. அதாவது, இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"ரெண்டு பேரும் தோத்தாச்சு" என்றார் பட்டையம்மா.

"இல்ல, ரெண்டு பேரும் தோக்கல" என்றார் இஸ்திரி சார். யோசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். இரண்டு குடும்பங்களும் அங்கே இருந்தன. சம்பந்திகள் மட்டும் கால் மணி நேரம் தாமதமாக, ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். வழியில், சேர்ந்து எழுதப்போகும் கட்டுரையின் முன்னுரையைப் பற்றிப் பேச்சாம். பதிவாளர் கையெழுத்து வாங்கும்போது சாதாரணமாகக் கேட்டார்: "ரெண்டு வீட்டுக்கும் முன்னாடியே பழக்கமா?"

"பழக்கம்னு சொல்ல முடியாது" என்றார் இஸ்திரி சார். "பதினோரு வருஷமாத் தெரியும்."

"அத்தை, மாமா, இப்ப வேணாம்" என்று மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கட்டுரை எழுதி முடிக்க இன்னும் நான்கு மாதம் ஆனது. மூன்றாவது சூரியனின் கதையை அதில் மறைக்காமல் எழுத வேண்டும் என்று பட்டையம்மா ஒற்றைக் காலில் நின்றார். எழுபத்துமூன்று ஸ்வரங்களை வீசியது, சரியாக வருகிறவரை கூட்டியது எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பகுதி. படித்தவர்கள் கூசுவார்கள் என்று இயக்குநர் தயங்கினார். "கூசட்டும் சார், எல்லார்கிட்டயும் ஒரு குப்பை ஃபைல் இருக்கு" என்று இஸ்திரி சார் சொன்னதும் அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டுரை அச்சாகி வந்த அன்று ஒரு பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டு இருவரும் எதிரே நின்றார்கள். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். முதல் பெயர் என்னுடையது.

"இது என்ன மேடம்? நான் என்ன ஆராய்ச்சி பண்ணேன்?"

"யார் முதல்ல தப்பு பண்ணாங்களோ அவங்க பேர் முதல்லன்னு முடிவு பண்ணோம்" என்றார் பட்டையம்மா. "அதுக்கப்புறம் யாருங்கறதுலதான் ஒரு வாரம் சண்டை."

"திங்கக்கிழமைக்குள்ள இன்னும் நாலு சூரியன் வேணும்மா" என்றார் இஸ்திரி சார், வாசலில் நின்று இல்லை, உள்ளேயே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "இந்தத் தடவ உள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியக் கூடாது. கம்ப்யூட்டரே பொறுக்கிப் போடட்டும்."

சரி என்று குறித்துக்கொண்டேன்.